பரிசீலனைக் குழுவில் என் கணவர்

லாஸ்பேட்டை, புதுச்சேரி
4 மார்ச் 2024

அன்புள்ள இனியவன்,

நலமா? போனில் பேச ஆரம்பித்தால் "எப்ப வருவீங்க" என்று நான் கேட்டு, அது சண்டையில் முடிகிறது. அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

செப்டம்பரில் உங்கள் பிரான்ஸிலேயே, லியோனில் நடக்கும் கணினி வலையமைப்பு ஆய்வு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பிவிட்டேன். மழைக்காலத்தில் நம் ஊர் வீடுகளில் இணையம் எப்படி அறுந்து அறுந்து வருகிறது என்று அளந்துகொண்டிருந்தேனே, அதுதான். ஏற்றுக்கொண்டால் கல்லூரியில் விடுப்பும் பயணச்செலவும் தருவார்கள். கிரெனோபிளிலிருந்து லியோன் ரயிலில் பக்கம்தானாமே. இரண்டு வருடத்துக்குப் பிறகு உங்களைப் பார்க்கலாம்.

அனுப்பும்போது, கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும் பரிசீலனைக் குழுவில் உறவினர் எவரும் உண்டா என்று இணையதளம் கேட்டது. உங்கள் பெயரை எழுதி, கணவர் என்று குறித்தேன். பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதிர்காமத்தில் உங்கள் வீட்டில் அத்தை உங்களுக்காக வடகம் உருட்டத் தொடங்கிவிட்டார். "முடிவு இன்னும் வரல அத்தே" என்றேன். "நீ எழுதனா எடுத்துக்குவாங்க" என்கிறார்.

உங்கள்
செல்வி

கிரெனோபிள்
11 ஜூன் 2024

என் செல்விக்கு,

கட்டுரையை ஏற்கவில்லை என்ற முடிவு உனக்கு வந்திருக்கும். எப்படி ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உன் கட்டுரையின் முறை வந்ததும் குழுத் தலைவர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். விதி அப்படி. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். சத்தம் கேட்கவில்லை. ஒருவர் உனக்காகக் கை ஆட்டிப் பேசுவதுபோல் இருந்தது. இன்னொருவர் தலையசைத்து மறுத்தார். ஒரே ஊரில் எடுத்த அளவீடு போதாது என்றுதான் சொல்லியிருப்பார். அதே கேள்வியை நான் உன்னிடம் கேட்டு, நீ சொன்ன பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. கதவில் கை வைத்தேன், செல்வி. தள்ளவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டபோது அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டார்கள்.

குடியிருப்பு அனுமதி புதுப்பித்து வராமல் நான் இங்கிருந்து நகரவும் முடியாது. அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்குத் தைரியம் இல்லை.

இனியவன்

லாஸ்பேட்டை
2 ஜூலை 2024

அன்புள்ள இனியவன்,

உங்கள் மேல் கோபமாகத்தான் இருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் துர்கா, "உங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று கேட்டாள். "சொல்லியிருந்தா அது என் கட்டுரையா இருந்திருக்காது" என்றேன். அவளிடம் அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, வீட்டுக்கு வந்து அழுதேன். மாநாட்டுக்காக அழவில்லை.

அத்தை வடகத்தை டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டார்.

கடலூரிலும் விழுப்புரத்திலும் அளவீடு எடுத்துச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். டிசம்பரில் சிங்கப்பூரில் ஒரு மாநாடு இருக்கிறது. கட்டுரையைப் பதியும்போது, குழுவில் உறவினர் எவரும் இல்லை என்று எழுதினேன். அன்று உங்கள் பெயரை எழுதியதைவிட அப்படி எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது.

செல்வி

லாஸ்பேட்டை
21 அக்டோபர் 2024

அன்புள்ள இனியவன்,

எடுத்துக்கொண்டார்கள். டிசம்பர் 12 அன்று என் பேச்சு.

உங்களுக்கு அனுமதி வந்துவிட்டது, 12ஆம் தேதி அங்கிருந்து கிளம்பி ஐந்தே நாள் விடுப்பில் ஊருக்கு வருகிறீர்கள் என்று அத்தை இப்போதுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நீங்கள் இங்கே இறங்கும்போது நான் சிங்கப்பூரில் இருப்பேன். கல்லூரி தரும் மலிவுச் சீட்டில் நான் 16ஆம் தேதிதான் திரும்ப முடியும்; அதற்குள் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்லவில்லை. ஆனால் உங்களைப் பார்க்க வேண்டும்.

செல்வி

கிரெனோபிள்
23 அக்டோபர் 2024

செல்விக்கு,

திரும்பப் பெறாதே.

அம்மாவிடம் பேசினேன். ஊருக்கு வருவதா, உன்னைப் பார்க்கப் போவதா என்று நான் இழுத்தேன். "என்னை நெனச்சி அவள உட்றாத. நீ போய்ப் பாருடா. நான் இங்கதான இருக்கறேன்" என்று போனை வைத்துவிட்டார். அவர் குரல் சரியாக இல்லை. நீ கிளம்புவதற்கு முன் இரண்டு நாள் அவரோடு போய் இரு.

பயணச்சீட்டை சிங்கப்பூருக்கு மாற்றிவிட்டேன். இங்கே வேலையில் விடுப்பை ஒரு நாள்கூட முன்னால் நகர்த்த விடவில்லை. விமானம் உன் பேச்சுக்கு மறுநாள்தான் இறங்கும். நீ பேசுவதை நான் கேட்க முடியாது. மாநாடு முடிந்து எல்லோரும் கிளம்பியிருப்பார்கள்.

நீ மட்டும் இரு.

உன்
இனியவன்