பெயர் சொல்லிக் கூப்பிடாத திங்கட்கிழமை

கூரைமேல் ஏறினால் இறங்க மனம் வராத என் ஜெனி மச்சாளுக்கு,

அந்தத் திங்கட்கிழமை நான் உன்னிடம் கேட்காமல் விட்டது ஒரு சின்னக் கேள்விதான். "எங்கை நிக்கிறாய், ஜெனி?"

விளையாட்டில் நாம் கோட்டையின் வடக்குச் சுவரடியில் இருந்தோம். உன் மைக்குக்குப் பின்னால் ஏதோ ஒரு கருவி விட்டுவிட்டு ஒலித்தது. பிறகு ஒரு பெண், "மதாம், கையைக் கொஞ்சம் நீட்டுங்கள்" என்று பிரெஞ்சில் சொன்னாள். நீ உடனே மைக்கை மூடினாய். லீவு எடுத்துக்கொண்டு ஆர்ஜொந்தெயில் உன் வாடகை அறையில் சும்மா படுத்திருப்பதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தாய். எந்த அறையில் அப்படி ஒரு கருவி இருக்கும்? ஆஸ்பத்திரி என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் நான் வாய் திறந்து சொன்னது இவ்வளவுதான்: "வடக்குச் சுவரிலை ரெண்டு காவல்காரர்."

இதைப் படிக்கிறவர்களுக்கு நாம் யாரென்று சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீ என் மாமாவின் மகள். மன்னாரிலிருந்து இந்தப் பிரெஞ்சு தேசத்துக்குத் தனியே வந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு சேலைக் கடையில் ஒன்பது வருடம் நின்றவள். நான் ஸ்தேனில் வளர்ந்து, சென் தெனியில் ஒரு நூலகத்தில் வேலை செய்பவள். திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. உன் கடையிலும் திங்கள் பின்னேரம் ஈ ஆடும். மூன்று மணிக்கு நான் வந்தால், பின்னறையில் பிரிக்காத சேலைப் பெட்டிகளின் மேல் இருவரும் ஏறி உட்கார்ந்து, போனில் நிஞ்சா ஆவோம்.

விளையாட்டு சுலபமானது. ஒரு கோட்டை, அதற்குள் ஒரு ஓலைச் சுருள். கறுப்பு உடுப்புப் போட்ட நிஞ்சாக்கள் யாருக்கும் தெரியாமல் போய் அதை எடுத்துவர வேண்டும். தனியாகவும் போகலாம், மூவராகவும் போகலாம். காவல் நிற்பவர்களும் உலகத்தில் எங்கோ போனோடு உட்கார்ந்திருக்கும் மனிதர்கள்தான். நாம் பேசினால் அருகில் நிற்கும் எதிரிக்கும் கேட்கும். அதுதான் அந்த விளையாட்டின் பொல்லாத பக்கம்.

நம்முடைய மூன்றாவது ஆள் ராஜன் அண்ணை. உன் கடைக்கு இரண்டு கடை தள்ளி மரக்கறிக் கடையில் நிற்பவர், வயது ஐம்பத்திரண்டு. கடையில் நின்றபடியேதான் அவர் விளையாடுவார். நீதான் கூட்டிவந்தாய். "பாவமடி, அந்தாளுக்கு இஞ்சை கதைக்க ஆளில்லை" என்றாய்.

உனக்குத் தனியாகப் போகத்தான் பிடிக்கும். எனக்குக் கூட்டம் வேண்டும். அதனால் விளையாட்டுக்கு நாம் எழுதிய குறிப்புகளை இரண்டாகப் பிரித்தோம். இணையத்தில் நாம் இருவரும் சேர்ந்து எழுதிய அந்தப் பக்கத்தில் முதல் பாதி உன்னுடையது. உன் பாதியை நேற்றும் வாசித்தேன்.

உள்ளே போகும் வழியைத் தேடுமுன் வெளியே வரும் வழியைப் பார் என்று எழுதியிருக்கிறாய். காவலன் நடக்கும்போது நட, அவன் நின்றால் நில். அவன் காலடிச் சத்தமே உன் சத்தத்தை மூடிவிடும். இருவரை வெட்டவெளியில் எதிர்க்காதே. ஒடுங்கிய வழிக்குள் ஓடு, அங்கே ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும். புகைக்குண்டு அடிக்கப் போவதற்கு அல்ல, தப்பி வருவதற்கு. ஒரு முறை அடித்த இடத்தில் இன்னொரு முறை நிற்காதே. காயம் பட்டால் அதைக் காட்டாதே.

கடைசி வரியில் ஒரு விஷயம் இருக்கிறது. விளையாட்டில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு பச்சைக் கோடு தெரியும். எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்பதன் அளவு அது. கூட்டாளிகளுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அதையும் மறைத்துவைக்க ஒரு வசதி உண்டு. நீ விளையாடத் தொடங்கிய நாளிலிருந்தே அதை மறைத்துத்தான் வைத்திருந்தாய். "எனக்கு எவ்வளவு மிச்சமெண்டு தெரிஞ்சா நீ பயந்து பிழையா விளையாடுவாய்" என்பாய்.

கூட்டமாகச் சண்டை போடுவது பற்றி எழுதியது நான். ஒருவர் சத்தம் போட்டுக் காவலை இழுக்க வேண்டும், ஒருவர் பின்னாலிருந்து அடிக்க வேண்டும், ஒருவர் வாசலைப் பார்க்க வேண்டும். பார்ப்பவர் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும், ஊகித்ததைச் சொல்லக்கூடாது. கூட்டாளி விழுந்தால் உடனே ஓடாதே, பத்து எண்ணு. விழுந்தவரைச் சுற்றித்தான் வில்லாளிகள் குறிபார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசியாக, நான் மிகவும் பெருமைப்பட்ட விதி: மறைந்திருக்கும் கூட்டாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. நீ கூப்பிட்டால் அவள் எங்கே என்று எதிரி தேடத் தொடங்குவான்.

ராஜன் அண்ணை இதில் ஒன்றைக்கூடக் கேட்டவரில்லை. அந்தப் பாலத்துச் சண்டை உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

"பிள்ளையள், நான் பாலத்திலை விழுந்திட்டன்! ஆரும் வாங்கோ!"

"உங்களை ஆர் அண்ணை பாலத்திலை ஏறச் சொன்னது?" என்று நீ பல்லைக் கடித்தாய்.

"நீ விழுந்து கிடந்தாய். தூக்க வந்தனான்."

"நான் விழேல்லை! ஒளிச்சுக் கிடந்தனான்!"

"எனக்கு என்னெண்டு தெரியும்? ஜெனி, ஜெனி எண்டு நாலுதரம் கூப்பிட்டன், நீ வாய் திறந்தால்தானே... ஓம் அக்கா, முருங்கைக்காய் முடிஞ்சுது, பின்னேரம் வாங்கோ."

முருங்கைக்காய் முடிந்த செய்தி எதிரிப் படை முழுவதற்கும் கேட்டது. மூவரும் செத்தோம். நீ சிரித்துச் சிரித்துப் பெட்டியிலிருந்து சரிந்து என் மடியில் விழுந்தாய். உன் தலைமுடியில் புதுச் சேலையின் கஞ்சி வாசம். உன்னை நினைக்கும்போது முதலில் வருவது அந்த வாசம்தான். அதைத் தேடி இரண்டு முறை அந்தக் கடைக்குள் போனேன். புதிதாக நிற்கும் பெண், "என்ன பார்க்கிறீங்கள் அக்கா?" என்று அன்பாகத்தான் கேட்டாள். சும்மா பார்க்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

பிறகு நீ லீவு என்றாய். ஆறு திங்கட்கிழமைகள் நான் ஸ்தேனில் என் அறையிலும், நீ "ஆர்ஜொந்தெய் அறை"யிலும். குரல் மட்டும்தான். உன் குரல் மெலிந்துகொண்டு வந்தது எனக்குத் தெரியும். ஒரு ஆட்டத்தில் இருபது நிமிடம் நீ ஒரு கூரையில் அசையாமல் கிடந்தாய். தந்திரம் என்று நினைத்தேன். அப்போது நீ தூங்கிப்போயிருந்தாயா?

கேட்காமல் விட்டதற்குக் காரணம் சொல்கிறேன். சோம்பலும் இல்லை, பயம் மட்டும் என்றும் சொல்லமாட்டேன். அதை மரியாதை என்று நினைத்தேன். நானும் என்னைப் பற்றி எவரிடமும் சொல்லாதவள். எனக்கு உடம்புக்கு வந்தால் அம்மாவுக்கே ஒரு கிழமை கழித்துத்தான் சொல்வேன். நீ மறைந்திருக்க விரும்புகிறாய், நான் உன் இடத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடாது, நீயாக வெளியே வருவாய் என்று இருந்தேன். இத்தனை புத்தகம் படித்தும், விளையாட்டுக்கு எழுதிய ஒரு விதியை எடுத்து உன் மேல் வைத்தேன்.

உன் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசையை மாமாவும் மாமியும் மன்னாரிலிருந்து போனில் பார்த்தார்கள். விசா கிடைக்கவில்லை. மாமி கடைசிவரை போனை விட்டு முகத்தை எடுக்கவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் பற்றிஸ் பலகாரமும் தேநீருமாக நின்றபோது ராஜன் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, ஒண்டு சொல்லோணும். நான் ஆசுப்பத்திரிக்குப் போனனான்."

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை. திங்கள் விளையாடேக்கை ஒரு சத்தம் கேட்டுது. ஆட்டம் முடிய எடுத்து, 'பிள்ளை, எங்கை நிக்கிறாய்?' எண்டு கேட்டன். உடனை சொல்லிப்போட்டாள். இரத்தத்திலை வருத்தமாம். கஞ்சி கொண்டு போனனான். முழுக்கக் குடிச்சாள்."

"உடனை சொன்னவளோ?"

"ஓம். கேட்டன், சொன்னாள்."

"ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் வெளிக்கிட்டன். அவள் விடேல்லை. 'அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டது அண்ணை. அவளாக் கேக்கட்டும்' எண்டாள்."

நீ கோபமாகச் சொன்னாயா, சிரித்துக்கொண்டு சொன்னாயா என்று அவரிடம் கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கஞ்சிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாய் என்று மட்டும் சொன்னார். மச்சாள், என் மேல் கோபமா? நான் கேட்டிருந்தால் எனக்கும் உடனே சொல்லியிருப்பாயா?

இங்கே செய்திகள் சில. நம் குறிப்புகளை இப்போது கனடாவிலும் யாழ்ப்பாணத்திலும் பிள்ளைகள் படிக்கிறார்கள். போன கிழமை ஒருத்தி, இருவரைத் தனியே எதிர்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாள். உன் ஒடுங்கிய வழியை அவளுக்கு எழுதினேன். வென்றுவிட்டேன் அக்கா என்று பதில் வந்தது. என்னை நீ என்று நினைத்துவிட்டாள். நான் திருத்தவில்லை.

ராஜன் அண்ணையும் நானும் இன்னும் திங்கட்கிழமைகளில் போகிறோம். மூன்றாவது இடத்தை வெறுமையாகத்தான் வைத்திருக்கிறோம். எங்கள் இருவரால் மட்டும் அந்தக் கோட்டையைப் பிடிக்க முடியாது. தெரிந்துகொண்டே போகிறோம்.

உன் பாதியில் ஒரு எழுத்தையும் நான் தொடமாட்டேன், காயத்தைக் காட்டாதே என்ற வரியையும்கூட. அது உன்னுடையது. என் பாதியில் கடைசி விதியை அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, மறைந்திருப்பவள் நெடுநேரம் பேசாவிட்டால் பெயர் சொல்லிக் கேள் என்று எழுதினேன். இப்படி விளையாடினால் தோற்றுப்போவோம் என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆனாலும் மாற்றமாட்டேன். விளையாட்டுக்கு வெளியேயும், எவருடைய குரல் மெலிந்தாலும், நான் கேட்பேன். இது உனக்குத் தரும் வாக்கு.

அந்தப் புதன்கிழமை மதியம் நூலகத்தில் உனக்கு ஒரு செய்தி எழுதினேன். "நாளைக்கு வரட்டோ?" என்று. அனுப்பாமல் வைத்திருந்தேன், வேலை முடிந்து அனுப்பலாம் என்று. வேலை முடிந்ததும் மறந்துபோனேன். வியாழன் காலை நான் ரயிலில் நிற்கும்போது, உன் கடைக்கு வந்த செய்தியைச் சொல்ல ராஜன் அண்ணை அழைத்தார். நீ விடியற்காலையிலேயே போய்விட்டாய்.

உன் மாமியின் மகள்,
ஷாலினி