பூங்காவில் எடுத்த படம்

குருநகர்,
7.2.1988

அன்பு மகன் கனிசியசுக்கு,

எங்கள் கோயில் யாகப்பர் காவலில் நானும் உன் பெண்சாதி யோசப்பினும் பிள்ளையும் சுகம். கடிதமும் படமும் கிடைத்தன. நாலு வருசத்தில் வந்த முதல் படம், அதிலும் நீ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்! காதில் இரண்டு சிரட்டை, கையில் தடி, தடியின் நுனியில் தோசைக்கல். ரொறொன்ரோவில் புல்லுக் கூட்டுகிற வேலையோ? நீ போகும்போது வயிற்றில் இருந்த ஸ்ரெல்லா, "அப்பம்மா, அப்பாவுக்கு முகம் இல்லையோ?" என்று கேட்கிறாள். நிமிர்ந்து நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு.

அம்மா

ரொறொன்ரோ,
6.3.1988

அன்புள்ள அம்மா,

அது வேலை இல்லை. நிலத்துக்குக் கீழே உலோகம் கிடந்தால் அந்த மிசின் காதிலுள்ள சிரட்டைக்குள் கத்தும். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் தேடுவேன். அறையில் தனியே இருந்தால் விசர் பிடிக்கும், அம்மா. இதுவரை பழைய வெள்ளிக்காசு பதினொன்று எடுத்தேன். போன கிழமை ஒரு வெள்ளிக் கரண்டி. கோபிக்காதேங்கோ.

கனிசியஸ்

குருநகர்,
10.4.1988

மகன்,

ஞாயிறு பூசைக்குப் போகாமல் ஊரார் தொலைத்த கரண்டியைத் தேடுகிறாயோ? அதனால் இங்கே வந்த கரைச்சலைக் கேள். இந்திய ஆமிக்காரர் தமிழ் தெரிந்த ஒருவனோடு வீடு சோதிக்க வந்தார்கள். சுவரில் உன் படம். "உது கண்ணிவெடி தேடுற மிசினெல்லோ? ஆர் உவன்?" என்று பிடித்துக்கொண்டார்கள். "தம்பி, அவன் கனடாவிலை காசு தேடுறான்" என்றேன். "கனடாவிலை காசு நிலத்துக்கையோ கிடக்குது, ஆச்சி?" என்று சிரித்தான் ஒருவன். எனக்கே விளங்காததை நான் எப்படி விளங்கப்படுத்துவது? படத்தைக் கொண்டுபோய்விட்டார்கள். திங்கட்கிழமை தோறும் நான் முகாமில் கையெழுத்து வைக்கவேண்டும். வெயிலுக்குள் மூன்று மணி நேரம். அன்றைக்கு மீன் வியாபாரமும் இல்லை. நீ அங்கே காசுதான் தேடுகிறாய் என்று பூங்காக் கந்தோர்க்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி உடனே அனுப்பு.

அம்மா

ரொறொன்ரோ,
8.5.1988

அன்புள்ள அம்மா,

எல்லாம் என்னால் வந்தது. மன்னியுங்கோ. கடிதம் கேட்டிருக்கிறேன், இரண்டு மாதம் செல்லுமாம். அதுவரை நீங்கள் வெயிலில் நிற்கவேண்டாம். படத்தில் முகம் தெரியவில்லைத்தானே. ஆரோ அனுப்பினது, ஆளைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கோ. விட்டுவிடுவார்கள். நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

கனிசியஸ்

குருநகர்,
12.6.1988

மகன்,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். யோசப்பினுக்குக் காட்டவில்லை. ஆளைத் தெரியாதாம்!

போன திங்கட்கிழமை முகாமில் பெரிய ஆமிக்காரன் உன் படத்தை மேசையில் வைத்தான். "ஆச்சி, முகமே தெரியேல்லை. வேறை ஆரோ எண்டு சொன்னால் இண்டையோடை விட்டிடுவம்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். பின்னால் நின்ற சனம் "சொல்லணை, சொல்லணை" என்று முதுகில் இடித்தது. ஸ்ரெல்லா என் சேலையைப் பிடித்தபடி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உவன் என்ரை பிள்ளை. இந்தக் குஞ்சின்ரை தேப்பன்" என்றேன்.

அவன் தலையில் கையை வைத்தான். பிறகு, இன்னாருடைய தாய் என்று முழுக்க எழுதிக் கையெழுத்து வைக்கச் சொன்னான். ஐந்தாம் வகுப்பு எழுத்துத்தான், ஆனால் ஒரு எழுத்தும் கோணவில்லை.

வருகிற திங்களும் போகவேண்டும். கடிதத்தைக் கெதியாய் அனுப்பு.

கனிசியசின் தாய்,
செபஸ்தியம்மா