மூன்று விசைகள்

பிரிக்பீல்ட்ஸ்
8 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

அண்ணியும் நீயும் நலமா? நான் நலம். கம்ப்யூட்டர்தான் நலமில்லை. சனிக்கிழமை நீ கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து எழுப்பிவிட்டுப் போனது, இன்று காலை மறுபடி ஊமையாகிவிட்டது. இதை ஃபோனில் எழுதுகிறேன். குரல் பதிவு அனுப்பினால் கடைச் சத்தத்தில் பாதிதான் கேட்கிறாய். "சரி சரி, சனிக்கிழமை வரேன்" என்று ஒரே பதில். அதனால் மின்னஞ்சல். முழுதாகப் படி.

காலையில் என் மேலாளர் ஹுமைரா கூப்பிட்டார். "தாமரை, இந்த மாசக் கடைசியில எல்லாரோட மெஷினும் ஒரிஜினல் விண்டோஸான்னு செக் பண்ணப் போறாங்க. ஒரிஜினல் இல்லன்னா சிஸ்டம் உள்ளயே விடாது. உங்களோடது..." என்று இழுத்தார்.

"என்னோடது என்ன அக்கா?"

"உங்க ஸ்கிரீன்ல கீழே வலது மூலையில ஒரு எழுத்து நிக்குதுல்ல, ஆக்டிவேட் பண்ணுங்கன்னு. மீட்டிங்ல நீங்க ஸ்கிரீன் காட்டும்போதெல்லாம் பார்ப்போம். உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு யாரும் சொல்லல லா."

இரண்டு வருடமாக அந்த எழுத்து அங்கே நின்றிருக்கிறது. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். முதுகில் யாரோ காகிதம் ஒட்டிவிட்ட பள்ளிப் பிள்ளையைப் போல நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து பேசியிருக்கிறேன். இந்த ஊரில் பாவம் பார்ப்பதற்கு ஆள் அதிகம். வாயைத் திறந்து சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

உன்னிடம் நேராகக் கேட்கிறேன். நீ எனக்குப் போட்டுத் தந்தது ஒரிஜினலா, இல்லையா?

இந்தச் சோதனையில் தேறாமல்போனால் வேலை போகும். ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலையை வீட்டிலிருந்தபடி எனக்குத் தர இன்னொரு கம்பெனி வரிசையில் நிற்கவில்லை. வேலை போனால் இந்த அறை போகும். அறை போனால் நான் எங்கே வந்து சேர வேண்டும் என்பதை நீயும் அண்ணியும் முன்பே முடிவுசெய்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தங்கை,
தாமரை


கிள்ளான்
10 செப்டம்பர் 2025

தாமரைக்கு,

ஒரிஜினல் இல்லை. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

என் கடையில் எதுவுமே ஒரிஜினல் இல்லை. கிள்ளானில் எத்தனை கடையில் இருக்கிறது என்று போய்த் தேடு. ஊரடங்கின்போது பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு "வீட்டிலிருந்தே படியுங்கள்" என்று சொன்னார்களே, அப்போது போர்ட் கிள்ளான் ஃபிளாட்டுகளிலிருந்து பெற்றோர் எங்கெங்கோ கிடைத்த பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தார்கள். விண்டோஸ் வாங்கும் விலை, அவர்கள் அந்த லேப்டாப்புக்குக் கொடுத்த விலையைவிட அதிகம். நான் பென்டிரைவைச் செருகினேன். அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். நான் திருடன் என்றால் அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன். உலகம் முழுக்க விலை ஏறக்குறைய ஒன்றுதான். சம்பளம் ஒன்றா? ஒரு நாளாவது அதைப் பற்றி அவர்கள் யோசித்திருப்பார்களா?

லோரி ஓட்டும் தம்புசாமி அண்ணனிடம் போன மாதம் சும்மா கேட்டுப் பார்த்தேன், ஒரிஜினல் போடட்டுமா என்று. "போடுங்க பாஸ். அப்புறம் என் லோரி டயருக்கும் நீங்களே காசு போடுங்க" என்றார்.

மூலையில் நிற்கும் எழுத்தை எடுக்கவும் வழி உண்டு. கொஞ்சம் கூடுதல் வேலை. உனக்குத் தெரியப் போவதில்லை என்று விட்டுவிட்டேன்.

கவலைப்படாதே. உங்கள் கம்பெனிச் சோதனையை ஏமாற்றும் பிரதி ஒன்று கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை கொண்டுவந்து போடுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. கம்ப்யூட்டரையே வாரம் தவறாமல் நான் வந்து எழுப்ப வேண்டியிருக்கிறது. அது படுத்தால் உன் வேலை படுக்கிறது. இப்படி எத்தனை நாள் தனியாக இருப்பாய்? பின்னறைக்குச் சாயம் அடித்து முடித்துவிட்டோம். அண்ணி மின்விசிறியும் மாட்டச் சொல்லியிருக்கிறாள். இங்கே வந்துவிட்டால் அது எந்நேரம் படுத்தாலும் நான் பக்கத்திலேயே இருப்பேன்.

அண்ணன்,
சுகுமாறன்


பிரிக்பீல்ட்ஸ்
11 செப்டம்பர் 2025

அண்ணா,

சனிக்கிழமை வராதே.

"உனக்குத் தெரியப் போவதில்லை." ஃபோன் இதை எனக்கு ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் படித்தது. திரும்பத் திரும்பப் படிக்க வைத்தேன்.

விலையைப் பற்றி நீ எழுதியது சரி. அதில் உன்னோடு நான் சண்டை போட மாட்டேன். ஆனால் அந்த ஃபிளாட்டுப் பிள்ளைகளுக்கு மூலையில் நின்ற எழுத்து தெரிந்தது. தெரிந்தே வைத்துக்கொண்டார்கள். என்னை நீ கேட்கவே இல்லை.

ஒரிஜினல் வாங்கப் போகிறேன். நானே.

தாமரை


பிரிக்பீல்ட்ஸ்
17 செப்டம்பர் 2025

அண்ணா,

கோபத்தில் எழுதிய கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. பரவாயில்லை. இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஒரிஜினலைப் பெட்டியாகவே வாங்கினேன். உள்ளே ஒரு பென்டிரைவும் எண்ணும் எழுத்துமாக நீளமான ஒரு குறியீடும் இருக்கின்றன. கடைக்காரர், "வீட்ல யாரும்மா இதைப் போட்டுத் தருவாங்க?" என்று கேட்டார். என் அண்ணன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

அறைக்கு வந்து விண்டோஸ் நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். எனக்குப் பார்வை இல்லை, பார்வையுள்ளவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எத்தனை மணிக்கு அழைக்கலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண். "எதற்கு?" என்றாள்.

எதற்கு! இருபத்தாறு வயதாகிறது எனக்கு. இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

பென்டிரைவைச் செருகி, மெஷினை முடுக்கியதும் மேல்வரிசையில் ஒரு விசையை விடாமல் தட்ட வேண்டும். அந்த ஓர் இடத்தில் மட்டும் அது பேசாது, உள்ளே சுற்றும் விசிறியின் சத்தத்தைக் கேட்டு அனுமானிக்க வேண்டும் என்றாள். அதற்குப் பிறகு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும். கன்ட்ரோல், விண்டோஸ், என்டர்.

நேற்று மலேசிய தின விடுமுறை. காலையில் குளித்துவிட்டு, பரீட்சைக்குப் போகிறவளைப் போல உட்கார்ந்தேன். முதல் தடவை விசிறி சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை பென்டிரைவை ஏதோ தொட்டுப் படிப்பது போலச் சத்தம் மாறியது. கொஞ்சம் காத்திருந்து மூன்று விசைகளையும் அழுத்தினேன்.

பேசியது, அண்ணா.

அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் எதுவுமே இல்லை. நீ போட்டுத் தரும் திரைவாசிப்பு மென்பொருள் இல்லை. விண்டோஸே இன்னும் ஏறவில்லை. சுவர் எழும்பாத மனைக்குள்ளிருந்து ஒருவர் "வாங்க, உட்காருங்க" என்று கூப்பிட்டதுபோல இருந்தது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது மறுபடி ஏதாவது சொல்லுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வெளியே யாரோ நடைபாதையில் காலால் தடவி நடக்க எங்களுக்காகப் பதித்த மஞ்சள் கற்களின்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். நாள்தோறும் அவனைத் திட்டுவேன். நேற்று திட்டத் தோன்றவில்லை.

யோசித்துப் பார். எங்கேயோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர் இதை நினைத்திருக்கிறார். கண் தெரியாத ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து இதைத் தொடங்குவாள், அவள் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், யாரும் இருக்கவும் வேண்டாம் என்று. அவர் என்னைப் பார்த்ததில்லை. பாவம் என்று சொன்னதில்லை. மூன்று விசைகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஓர் இடத்தில், இந்த வட்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. உன் சனிக்கிழமைகளையெல்லாம் அழிக்கிறேனோ என்று ஒரு கணம் விரல் நின்றது. அழுத்திவிட்டேன். பெட்டியில் இருந்த குறியீட்டை ஃபோன் கேமரா எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். ஒரு மெஷின் படித்தது, இன்னொரு மெஷின் கேட்டது, நடுவில் நான். மத்தியானம் என்னுடைய பெயர் என்ன என்று கேட்டது. தாமரை என்று எழுதினேன்.

இன்று ஹுமைரா அக்காவிடம் திரையைக் காட்டினேன். "மூலையில ஒண்ணும் இல்ல லா, சுத்தமா இருக்கு" என்றார். மாதக் கடைசிச் சோதனையை இப்போதே ஓட்டிப் பார்த்தார், அதிலும் தேறிவிட்டது. வேலை தப்பியது.

இப்போது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். கம்ப்யூட்டரை முதலில் பார்வையுள்ளவன்தான் எழுப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் அது பேசும் என்று நீ எப்போதும் சொல்வாய். நான் நம்பினேன். உன் பென்டிரைவைச் செருகி இந்த மூன்று விசைகளையும் அழுத்திப் பார். பேசுகிறதா என்று எழுது.

தாமரை


கிள்ளான்
21 செப்டம்பர் 2025

தாமரைக்கு,

பேசவில்லை.

ஸ்பீக்கர் கெட்டிருக்கும் என்று நினைத்தேன். வேறு ஸ்பீக்கர், பிறகு வேறு மெஷின். பேசவில்லை. பிறகு அந்தப் பிரதிக்குள் போய்ப் பார்த்தேன். நான் வைத்திருப்பது இளைக்க வைத்த பிரதி. பழைய மெஷினில் வேகமாக ஓட வேண்டும் என்று தேவையில்லாததையெல்லாம் அறுத்து எறிந்துவிட்டு இணையத்தில் போடுவார்கள். ஃபிளாட்டுப் பிள்ளைகளின் லேப்டாப்பில் அதுதான் ஓடும் என்பதால் அதையே எல்லோருக்கும் போட்டேன். உனக்கும். விளையாட்டு, வானிலை, வரைபடம் எல்லாவற்றையும் அறுத்தவன் அந்தக் குரலையும் அறுத்திருக்கிறான். அவனைப் பொறுத்தவரை நீ இந்த உலகத்திலேயே இல்லை. நான் உன் அண்ணன். நானும் தேடிப் பார்க்கவில்லை, தாமரை. பேசாது என்றுதான் உண்மையாகவே நினைத்திருந்தேன்.

பிறகு நிறுவனத்தின் தளத்திலிருந்தே முழுப் பிரதியை இறக்கினேன். இறக்குவதற்குக் காசே இல்லை. குறியீட்டுக்குத்தான் காசு. அதுகூட எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் அந்த வாசலுக்குப் போனதே இல்லை. கடை நடுவில் வைத்து அழுத்தினேன்.

வெறும் மெஷின் பேசியது. கடையே நின்றுவிட்டது. தம்புசாமி அண்ணன் வந்திருந்தார்.

"யார் பாஸ் பேசுறது? உள்ள யாரையும் ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"சும்மா இருங்கண்ணே. கண்ணு தெரியாதவங்க தானே விண்டோஸ் போட்டுக்க இது."

"தானேவா? அப்ப தங்கச்சி தானே போட்டுச்சா?"

"போட்டுருச்சு."

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அம்மாடி," என்றார். வாய் ஓயாத மனுஷன், உனக்குத் தெரியும். குரல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போக, கோயிலில் நிற்பவரைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு திரையை அணைத்துவிட்டு நானும் காதை வைத்தே போட்டுப் பார்த்தேன். வட்டு அழிக்கிற இடத்தில் தொலைந்துபோனேன். திரையைப் போட்டுவிட்டேன்.

விலையைப் பற்றி நான் எழுதியதில் ஒரு சொல்லையும் திரும்ப வாங்க மாட்டேன். அது அநியாயம்தான். ஆனால் அறுத்த பிரதியை இனி யாருக்கும் போட மாட்டேன். வாங்க முடிந்தவர் வாங்கட்டும். முடியாத பிள்ளைகளுக்கு, விலையே இல்லாமல் உலகத்து ஆட்கள் சேர்ந்து எழுதிய வேறு அமைப்பு இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். முதல் வேலையாக அது பேசுகிறதா என்று பார்த்தேன். பேசுகிறது.

நேற்று சனிக்கிழமை. பழக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் வரை போய்விட்டேன். அங்கே போன பிறகுதான் எனக்கு வேலை இல்லை என்பது உறைத்தது. திரும்பி வந்தேன். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பின்னறை பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

அண்ணன்,
சுகுமாறன்


பிரிக்பீல்ட்ஸ்
24 செப்டம்பர் 2025

அண்ணா,

பின்னறையில் அண்ணியின் தையல் மெஷினைப் போடு. கூடத்தில் இடமில்லாமல் சமையலறை வாசலில் வைத்துத் தைக்கிறாள். மின்விசிறி அவளுக்குத்தான் வேண்டும். தீபாவளிக்கு வருவேன், கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். முடிந்ததும் என் அறைக்குத் திரும்பிவிடுவேன். இதைப் பற்றி இனி நாம் பேச வேண்டாம்.

உன் கடிதத்தை இரண்டு மெஷினிலும் படிக்க வைத்தேன். உன்மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். முன்பு இருந்த அளவு இல்லை.

எங்கள் கம்பெனியில் சாலாக் செலாத்தானிலிருந்து பாலன் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். பார்வை போய் மூன்று வருடம். யாரோ போட்டுக்கொடுத்த விண்டோஸ்தான், அதுவும் உன் பிரதிக்கு உறவுக்காரனாக இருக்கும். அவருடைய அம்மா பிளாஸ்டிக் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு நாளெல்லாம் மகன் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் படித்துச் சொல்கிறாராம். "யாராவது ஆளை அனுப்பிச் சரிபண்ணலாமா?" என்று ஹுமைரா அக்கா கேட்டார். நான் போகிறேன் என்றேன். "அப்ப போய்ட்டு வாங்க" என்றார்.

அதனால் இந்தச் சனிக்கிழமை நான் அறையில் இருக்க மாட்டேன். பத்து மணிக்கு சென்ட்ரலில் ரயிலேறுகிறேன். பையை மாட்டிக்கொண்டு வருவதானால் வா. ஒரே நிபந்தனை, எதையும் தொடக் கூடாது. பாலன்தான் அழுத்துவார், நான் சொல்லிக்கொடுப்பேன். நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திரு.

உனக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்தக் குரல் முதல் வார்த்தையைச் சொல்லும்போது பாலன் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அவருடைய அம்மாவின் முகம் எப்படிப் போகிறது என்பதுதான் எனக்குத் தெரியாது. அதைப் பார்த்து, ரயிலில் திரும்பி வரும்போது, எதையும் அறுக்காமல் எனக்குச் சொல்.

உன் தங்கை,
தாமரை