போனில் அடித்த அலை

இன்று காலை ஏலக்காய்க் கிட்டங்கியில் மாதிரிக் காயைத் தட்டில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பொறுக்குகிற பெண்களில் ஒருத்தி, "அக்கா, காய்ல மண்ணு கெடக்கு" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏலக்காயில் மண் இருந்தால் யாரோ எடை கூட்டப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். எந்தத் தோட்டத்துக் காய், யார் ஏற்றிவிட்டது என்று கேட்கப் போனை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் அந்த மண்ணை விரலில் தொட்டுப் பார்த்தேன். நம் மலை மண் கறுப்பு, ஈரம் கோத்து ஒட்டும். இது வெளுத்த மணல், ஒட்டாமல் உதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர்க் கடற்கரையில் என் கைப்பையைக் கீழே வைத்திருந்தேன். அதிலிருந்து கொட்டியது.

போனை வைத்துவிட்டேன். பச்சைக் காய்களுக்கு நடுவே கடல் மணல் மினுங்குவதைச் சோலியெல்லாம் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும், நல்ல காயைக் கெடுத்துவிட்டாயே என்பார்கள்.

சுவீடனில் நாம் படித்த ஊரில் கடல் கிடையாது. ஏரி உண்டு, ஏரிக்கு மேலே எந்நேரமும் பஞ்சு போல ஒரு பனி உண்டு. ஒரு சனி ஞாயிறுக்கு கோதன்பர்க் போகலாம், அங்கே கடல் இருக்கிறது என்று வகுப்பிலிருந்த போலந்துக்காரி கிளப்பிவிட, வகுப்பே புறப்பட்டது. ரயிலில் நீ எனக்கு எதிர் இருக்கையில் இருந்தாய். ஜன்னலில் வெள்ளை மரங்கள் ஓடின. உன் முகமும் கண்ணாடியில் சேர்ந்து அந்தக் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அதுவரை நமக்குள் பேச்சு அதிகம் இல்லை. நீ பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். நான் போடி என்றதும், ஏலக்காய் முதலாளி வீட்டுப் பெண் என்று முடிவு கட்டிவிட்டாய். 'வாங்க', 'போங்க' என்று மரியாதை கொடுத்தே என்னைத் தள்ளி வைத்திருந்தாய்.

கோதன்பர்க்கில் இறங்கித் தெருவுக்குள் நடந்தால் ஏலக்காய் மணக்கிறது. அந்த ஊரில் அதை ரொட்டியில் போட்டுச் சுடுகிறார்கள். குளிரில், மூக்கு விறைத்துப்போன நேரத்தில், நம் ஊர் வாசனை யாரோ ஒருவருடைய அடுப்பிலிருந்து வந்தது. எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். நாம் இரண்டு பேரும் தூக்கத்தில் நடப்பவர்கள் மாதிரி அந்த மணத்தின் பின்னால் போய் ஒரு மசாலாக் கடைக்குள் நின்றோம்.

அங்கே நாம் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கண்ணாடி ஜாடியில் ஏலக்காய் திறந்திருந்தது. நீயும் கையை விட்டாய், நானும் விட்டேன். ஆளுக்கொரு காயை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பிளந்து, உள்ளே விதையரிசி கறுத்திருக்கிறதா என்று பார்த்து, வாயில் போட்டுக்கொண்டோம். நம் பக்கத்தில் இதைச் செய்யாமல் காயைப் பற்றிப் பேசினால்தான் குற்றம். அந்தக் கடைக்காரம்மாள் கையும் களவுமாகப் பிடித்தவள் மாதிரிக் கத்திவிட்டாள். நாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெளியே ஓடிவந்தோம்.

"இளசுல பறிச்ச காய்ங்க," என்றாய், மூச்சு வாங்கிக்கொண்டு. உடனே என் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தாய். "ஏய், ஒனக்கு யாரு இப்பிடிக் கீறச் சொல்லிக் குடுத்தது? முதலாளி வீட்டு நகம் மாதிரித் தெரியலயே?"

"முதலாளியா? எங்கம்மா போடியில காய் பொறுக்குறவ."

"அப்ப எங்கம்மா எடுத்த காய ஒங்கம்மா பொறுக்கிருக்கும்டி!"

அந்த 'டி'யோடு உன் மரியாதை ஒழிந்தது. நான் பிழைத்தேன்.

மறுநாள் படகில் ஏறித் தீவு ஒன்றுக்குப் போனோம். நீ பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. வழுவழுவென்று பாறைகள், அவற்றுக்கு நடுவே சாம்பல் நிறத் தண்ணீர். ஒரு வாத்து மட்டும் மிதந்துகொண்டிருந்தது. வானம் எது, தண்ணீர் எது என்று பிரிக்க முடியவில்லை. நாம் நின்ற பாறை ஆகாயத்தில் மிதக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாய்.

"இதான் கடலா? வைகை டேம் மாதிரி இருக்கு. அலை எங்கடி?"

அந்த ஏமாற்றத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. 'கடலத் தாண்டுன பொம்பளப் புள்ள திரும்பி வருவாளாக்கும்' என்று உன் அம்மாவைத் தோட்டத்தில் கூட வேலை பார்த்த பெண்கள் குத்திக்கொண்டிருந்தார்கள். கடலுக்குப் போனதும் போன் பண்ணி அலைச் சத்தத்தைக் கேட்கவைக்கிறேன் என்று நீ சொல்லியிருந்தாய். அம்மா அதை ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். தீவில் மதியம், தோட்டத்தில் வேலை விடுகிற நேரம். சிக்னல் கிடைக்கிற பாறை மேல் அந்தப் பெண்களையும் கூட்டிக்கொண்டு ஏறி நின்றாள். வீடியோ வரவில்லை, குரல் மட்டும் வந்தது.

"மோளே, கடலுக்குப் போயிட்டியா?"

"அது முன்னாடிதான் நிக்கிறேன்மா."

"இங்க எல்லாரும் நிக்கிறாளுக. அலைச் சத்தத்தக் கொஞ்சம் காட்டு."

நீ போனை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாய். "செத்தேன்டி. ஒரு கூட்டமே காதக் குடுத்துக்கிட்டு நிக்குது. இந்த வாத்தையா காட்டுறது?"

யாருக்கு முதலில் தோன்றியது என்று நினைவில்லை. நீயா நானா, இனி சண்டை போட ஆளில்லை, நான்தான் என்று வைத்துக்கொள்கிறேன். போலந்துக்காரியிடம் 'அலை வேண்டும்' என்றோம். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு வாயைக் குவித்தாள். வகுப்பே பாறையில் நெருங்கி நின்று "உஷ்ஷ்ஷ்" என்றது. கானா நாட்டுப் பையன் கடற்கரையில் வளர்ந்தவன். அவனுக்குப் பொறுக்கவில்லை. அலை அப்படி வராது, முதலில் இழுக்க வேண்டும், அப்புறம் விழ வேண்டும் என்று கையை ஆட்டி நடத்திக்கொடுத்தான். அந்தப் பனிக்குள் பெரிய பெரிய அலைகள் வந்து விழுந்தன. நீதான் எல்லோரையும்விடப் பலமாக ஊதினாய். மூச்சு முட்டி, கண்ணில் தண்ணீர் வந்து, மறுபடியும் ஊதினாய். வாத்து பயந்து பறந்துபோனது.

போனில் உன் அம்மா, "அடியாத்தி, என்னா சத்தம்! ஸ்டோர்ல காயக் கொட்டுற மாதிரில்ல இருக்கு!" என்றாள். காய் உலர்த்தும் ஸ்டோரை விட்டால் அவளுக்கு வேறு எதை ஒப்பிடத் தெரியும்? பின்னால் பெண்களின் குரல்கள். "நெசமாவே கடலுதான்டி..."

போனை வைத்ததும் நீ பாறையில் மல்லாந்து படுத்துவிட்டாய். சிரித்து முடிந்த பிறகு, "நெசமா அலை அடிக்கிற கடலுக்கு எங்கம்மாவக் கூட்டிட்டுப் போகணும். நீயும் வரணும்" என்றாய்.

"ஜீப்பு நான் கொண்டாறேன்."

"நீ வழியெல்லாம் டீசல் கணக்குச் சொல்லுவியேடி."

படிப்பு முடிந்து நீ அங்கேயே வேலையில் சேர்ந்தாய். நான் திரும்பி வந்து, ஆம்பிளைகள் மட்டும் உட்கார்ந்திருந்த, காய் ஏலம் விடும் அறையில் ஒரு நாற்காலியைப் பிடித்தேன். நீ லீவில் வந்தபோதெல்லாம் காயெடுப்பு நடந்துகொண்டிருந்தது. "இந்த எடுப்பு முடியட்டும் மோளே" என்பாள் உன் அம்மா. அது முடிவதற்குள் உன் லீவு முடிந்துவிடும். போன வருஷம் உனக்கு வந்த நோய் எந்த எடுப்புக்கும் காத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் உன் அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "அவ இல்லாத கடல்ல எனக்கு என்ன சோலி?" என்றாள். விலை படியாத இடத்தில் நான் மல்லுக்கு நிற்பதில்லை, எழுந்து வந்துவிடுவேன். கொஞ்ச நாள் விட்டு வேறு பேச்சோடு போவேன். போன வாரம் மலைக்குப் போய், "ஆத்தா, திருச்செந்தூர் கோயிலுக்கு ஜீப்பு போகுது, ஒரு எடம் காலியா கெடக்கு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கோயிலுக்குன்னா வர்றேன்."

சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவள், நான் கூப்பிடாமலே கடல் பக்கம் நடந்தாள். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு அலை வந்து முழங்கால் வரை நனைத்தது. அடுத்தது வந்தது. வெயிலில் கடல் முழுக்கப் புகை மாதிரி ஒளி.

"அன்னைக்கு நீங்க போன்ல கேக்க வச்சது இப்பிடி இல்லயே," என்றாள்.

எவ்வளவு பெரிய வியாபாரியிடமும் வாய் திக்காதவள் நான். "அது வந்து ஆத்தா... அந்த ஊரு கடலு..."

"போடி இவளே. எனக்கு அப்பவே தெரியும். அலைக்கும் அலைக்கும் நடுவுல எம் மக மூச்சு வாங்குனா. கடலு எங்கயாச்சும் மூச்சு வாங்குமா?"

"பெறகு ஏன் ஆத்தா கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? எம்புட்டு ஆசையா ஊதுனா. நின்னவளுகளும் நம்பிட்டாளுக." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கடல் தண்ணீரா, வேறா என்று நான் பார்க்கவில்லை. பிறகு கடலைப் பார்த்தபடி உதட்டைக் குவித்து, மெல்ல, "உஷ்ஷ்ஷ்" என்றாள். நானும் சேர்ந்துகொண்டேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

போகும்போதும் வரும்போதும் டீசலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. உன் அம்மாவைக் கேட்டுக்கொள்.

மணல் விழுந்த காயை விற்கக்கூடாது என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மேசை மேல் ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. உள்ளே பெண்கள் அடுத்த மூட்டையைச் சல்லடையில் கொட்டுகிறார்கள். உன் அம்மா சொன்னது சரிதான், அதே சத்தம். ஒரு மூட்டை முடிந்து அடுத்த மூட்டையைத் தூக்குவதற்குள் கொஞ்சம் இடைவெளி விழுகிறது. அப்போது நான் விலை பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்திவிடுகிறேன். நீ மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று.