சம்பந்தியாகப் போகிறவர்களோடு ஐந்து நாள் கார்

ஜூன் 10, செவ்வாய். சித்தூர்.

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. திரைச்சீலை துவைத்து மாட்டியாயிற்று. ராகி மாவு அரைத்தாயிற்று. நாட்டுக்கோழிக்குச் சொல்லியாயிற்று.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வெதுருகுப்பம் பக்கத்து ஊர்களுக்கு இந்த வாரம் வேறு நர்ஸ் ஊசி போடப் போவாள். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து அலறாமல் ஐந்து நாள் நிம்மதியாக இருக்கட்டும்.

வண்டி பேசி முடித்தேன். தனி வண்டி, ஏ.சி., டிரைவர் தமிழ் பேசுகிறவர். டிராவல்ஸ்காரன் தெலுங்கில் பேக்கேஜ், பேக்கேஜ் என்று அளந்துகொண்டே போனான். நானும் தெலுங்கிலேயே ஒரு பிடி பிடித்தேன். "சரே அம்மா, மீ இஷ்டம்" என்று இறங்கி வந்தான். என்கிட்டேயா!

விஷயம் இதுதான். எங்கள் நிம்மிக்கும் அவளோடு பெங்களூரில் வேலை பார்க்கும் ஜோயலுக்கும் பிடித்துப் போய்விட்டது. எங்களுக்கு முழுச் சம்மதம். ஜோயலின் அப்பா அம்மா பாளையங்கோட்டைக்காரர்கள். எங்கள் மாதிரியே பழைய மிஷன் சபைக் குடும்பம். ஆனாலும் ஆந்திராவில் இருக்கிற தமிழர்கள் எப்படியோ என்று ஒரு யோசனை போல. அவன் அப்பா போனிலேயே பட்டென்று சொல்லிவிட்டார்: "வந்து பாக்கோம். புடிச்சுதுன்னா அப்படியே ஒங்க கூட பெங்களூர் வந்து பேசி முடிச்சிருவோம். இல்லன்னா ரேணிகுண்டால ரயில் ஏறிருவோம், வருத்தப்படக் கூடாது."

வருத்தமாவது! பெங்களூர்தான். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

திட்டம்:
புதன் – காட்பாடி ஸ்டேஷன், வீடு, சபை.
வியாழன் – சந்திரகிரி கோட்டை. திருப்பதியில் லாட்ஜ்.
வெள்ளி – தலகோனா அருவி, திருச்சானூர் கடை.
சனி – நகரியில் சேலை, திரும்ப வீடு.
ஞாயிறு – பெங்களூர்!!

ஜூன் 11, புதன்.

புழுக்கம். ரயில் தாமதம். டிரைவர் முனிரத்தினம் நகரிக்காரர். வீட்டில் பவர்லூம் ஓடுகிறதாம், இவர் மட்டும் ஸ்டியரிங் பிடித்துவிட்டார். "தறி சத்தத்துல காது போய்க்கினு இருந்திச்சி மேடம். அதான் ஓடியாந்துட்டேன்."

ஜோயலின் அப்பா சாமுவேல் அண்ணன் கூட்டுறவு பேங்கில் இருந்து ரிடையர். கழுத்தில் காமிரா, வாயில் ஓயாத பேச்சு. அவர் வீட்டம்மா தங்கபுஷ்பம் அக்கா (இனி த.பு.அக்கா, முழுப் பெயரும் எழுதினால் பக்கம் தீர்ந்துவிடும்) ரிடையர்டு டீச்சர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, நிமிர்ந்த நடை. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

வண்டியில் ஏறின உடனே முனிரத்தினம், "துன்னுட்டீங்களா சார்? வழியில நிறுத்தட்டா?"

அண்ணன் முழித்தார். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க ஊர்ல மாட்டத்தான் தின்னுச்சான்னு கேப்பாவ."

"இங்க மனுசங்களும் துன்னுவாங்கக்கா, பயப்படாதீங்க" என்றேன். சித்தூர் வருவதற்குள் அக்கா, நீ என்று பேசும் அளவுக்கு வந்துவிட்டோம்.

சபையைக் காட்டினேன். பழைய மணி, பழைய பெஞ்சு, எல்லாவற்றையும் அக்கா தொட்டுப் பார்த்தார். ராத்திரி ஜெபத்தில் கீர்த்தனை பாடினார். என்ன குரல்! என் வீட்டுக்காரர்கூடப் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். (கரண்ட் ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனதில் இருந்து இவருக்குப் பேப்பர்தான் உத்தியோகம்.)

அக்காவின் மூத்த மகள் சிட்னியில். இரண்டு பிரசவமும் அக்காதான் பார்த்தாராம். இரண்டு வருடம் அங்கேயே.

"கங்காரு பாத்தீங்களாக்கா?"

"நான் எங்க பாத்தேன்? அது வீட்டுக்குள்ள வரல."

நல்ல நகைச்சுவைக்காரி. சம்பந்தி என்றால் இப்படி அமையவேண்டும்.

ஜூன் 12, வியாழன். திருப்பதி.

லேசான மேகம். கர்த்தர் கிருபை. சந்திரகிரிக் கோட்டையில் அண்ணன் ஒவ்வொரு ஜன்னலையும் படம் எடுத்தார். குரங்கு ஒன்று அவர் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு மதில்மேல் ஏறி, அதைப் போட்டும் பார்த்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அதுக்கு ஒங்கள விட நல்லா இருக்கு!"

மதியம் கட்டிக்கொண்டு போன களியும் கோழிக்குழம்பும். அக்காவுக்குக் களி தொண்டையில் நின்றது. கடிக்கக்கூடாது, அப்படியே விழுங்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். இரண்டாம் உருண்டை கேட்டு வாங்கினார். பாஸ்.

சாயங்காலம் லாட்ஜ் பால்கனி. மலைமேல் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. நானும் அக்காவும் காபியோடு. மனசு நிறைந்து இருந்தது. இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன்.

"நாளைக்கி இதுங்களுக்கு ஒரு கொழந்த பொறந்தா நீங்கதான்க்கா ஆயா. ஆயா கையில வளர்ற கொழந்ததான் ஒழுங்கா வளரும்."

அக்கா திரும்பிப் பார்த்தார். "ஆயாவா?"

"வேற யாரு? நிம்மி வேலைக்கு போய்க்கினு இருப்பா. எனக்கு டூட்டி. நீங்க ரிடையர்டு, ஃப்ரீயா கீறீங்க."

அக்கா காபியைப் பாதியில் வைத்தார். தலை வலிக்கிறது என்று உள்ளே போய்விட்டார். கோட்டையில் அலைந்தது. மாத்திரை கொடுத்தேன், வேண்டாம் என்றார்.

ஒன்றும் இல்லை. நாளை சரியாகிவிடும்.

ஜூன் 13, வெள்ளி. திருப்பதி.

வெயில். ஒன்றும் சரியாகவில்லை.

தலகோனாவில் தண்ணீர் கொஞ்சம்தான், ஆனாலும் காட்டுக்குள்ளே குளுகுளுவென்று இருந்தது. இவரும் அண்ணனும் சின்னப் பையன்கள் மாதிரி இறங்கி நின்றார்கள். த.பு.அக்கா காலைக்கூட நனைக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் "ம்". இரண்டு நாளாக வாடி போடியாகச் சிரித்துப் பேசியவர், இன்று என்னைப் "பாருங்க", "சொல்லுங்க" என்கிறார். அந்த "ங்க" ஒவ்வொன்றும் ஊசி மாதிரி. ஊசி போடுகிறவளுக்கே.

திருச்சானூரில் கடை கடையாக ஏறினோம். வளையல் வேண்டாம். பை வேண்டாம். சின்ன மரப்பாச்சி ஜோடி ஒன்று பார்த்தேன், அவ்வளவு அழகு. வாங்கி அக்கா கையில் வைத்தேன். "பேரப்பிள்ளைக்கு. நாளைக்கி நீங்கதானே வெளையாட்டு காட்டணும்!"

திருப்பி என் கையிலேயே வைத்துவிட்டார். "நீங்களே வச்சுக்கிடுங்க." அவ்வளவுதான், போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

என்னவாக இருக்கும்? கோழிக்குழம்பில் காரமா? இவர் பேசாமல் இருப்பதை மரியாதைக்குறைவு என்று நினைத்துவிட்டார்களா? துன்னு கின்னு என்று பேசுகிறோமே, அதுவா? நகை பற்றி ஏதாவது எதிர்பார்த்து, நான் அந்தப் பேச்சே எடுக்காமல் விட்டேனா?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணன் வந்தார். காமிரா இல்லாமல் அவரை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தரையைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு எங்கள ரேணிகுண்டால எறக்கி விட்ருங்கம்மா. அவளுக்கு மனசு ஒப்பல. என்னன்னு கேட்டா எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கா."

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இவர்: "நீ பேசினதுல எதுனா இருக்கும்."

"நான் பேசலன்னா இந்தக் கல்யாணப் பேச்சே கெடையாது. நீங்க பேப்பர் படிங்க."

நிம்மி போன் செய்தாள். "மா, அத்தைக்கு நம்மளப் புடிச்சிருக்குதா? ஜோயல் கேட்டுக்கினே கீறான்."

"எல்லாம் நல்லாத்தான் போய்க்கினு இருக்குது, தூங்கு" என்றேன். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் பிள்ளைக்கு என்ன குறை? எங்களுக்கு என்ன குறை?

ஜூன் 14, சனி. சித்தூர், வீடு.

காலையில் தூறல். மண் நனையும் அளவுகூட இல்லை. வண்டியில் ஐந்து பேரும் ஊமை. ரேணிகுண்டாவுக்குக் கொஞ்சம் முன்னால் முனிரத்தினம் தானாகவே டீக்கடையில் நிறுத்தினார். அவருக்கும் மூச்சு முட்டியிருக்கும்.

டீ கைக்கு வந்த நேரம் அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு பொம்பளைப் பிள்ளைக் குரல்: "நைனா, ஆயா மாத்திர போட்டுக்க மாட்டேன்னுது. இட்லியும் துன்ல."

"ஆயாவாண்ட போன குடு கண்ணு... ஏம்மா, எதுக்கு அடம் புடிக்கிற? ரெண்டு இட்லி துன்னுட்டு மாத்திரைய போட்டுக்கோ. வந்துக்கினே கீறேன்."

அவர் போனை வைத்ததும் த.பு.அக்கா டீச்சர் குரலில் கேட்டார். "வீட்டுல ஆயா வச்சிருக்கியளோ? நல்ல மனசு தம்பி ஒங்களுக்கு. வேலக்காரிய இப்படி யாரு விசாரிப்பா?"

"வேலக்காரியா?" முனிரத்தினம் சிரித்துவிட்டார். "எங்கம்மா மேடம் அது! எனக்கு அம்மான்னா எம்பொண்ணுக்கு ஆயாதான?"

அக்காவின் டம்ளர் பாதி வழியில் நின்றது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். எனக்கு அப்போதும் மண்டையில் ஏறவில்லை.

"ஏ, அன்னைக்கு பால்கனில வச்சு என்னைய ஆயான்னியே. என்ன அர்த்தத்துல சொன்ன?"

"ஆயான்னா ஆயாதான்க்கா. அம்மாவோட அம்மா, அப்பாவோட அம்மா. நீங்க என்ன சொல்லுவீங்க?"

"ஆச்சி. ஆயான்னா எங்க ஊர்ல பால்வாடில பிள்ளைக்குக் கழுவி விடுதவ."

ஐயோ ஐயோ! நடுரோட்டில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எங்களுக்கு ஆஸ்பத்திரியில் வேலைக்கு இருப்பவள் ஆயம்மா, வீட்டில் இருக்கும் பாட்டி ஆயா. பிறந்ததில் இருந்து ஒரு நாளும் எனக்கு அது குழம்பியதில்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். முனிரத்தினம் சிரித்தார். அண்ணன், "ஏளா, இதுக்கா ரெண்டு நாளா என்னைய பாடா படுத்துன!" என்று கத்தினார்.

அக்கா சிரிக்கவில்லை.

என்னைக் கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "அந்தச் சொல்லுல தப்பில்ல. அது போகட்டும். சிட்னியில ரெண்டு வருசம் என்னைய எல்லாரும் ஆச்சின்னுதான் கூப்பிட்டாவ. காலைல ஆறு மணிக்கு பிள்ளைய எங்கிட்ட தந்துட்டுப் போனா, ராத்திரிதான் வாங்குவா. ஒரு ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போக விடல. வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எம்மவளே சிரிச்சிக்கிட்டு சொல்லுதா, எங்களுக்கு ஆள் வைக்க வேண்டாம், அம்மா இருக்கான்னு. பேருதான் ஆச்சி. வேல ஆயா வேலதான்."

நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது அபூர்வம்.

"நீ ஆச்சின்னே சொல்லியிருந்தாலும் எனக்குச் சுட்டிருக்கும். ஒனக்கு டூட்டி, நான் ஃப்ரீ. நான் ஃப்ரீன்னு ஒனக்கு யாரு சொன்னா? பிள்ளைக்கு இன்னும் கல்யாணமே ஆகல, அதுக்குள்ள எனக்கு டூட்டி போட்டுட்ட."

போட்டுத்தான் விட்டேன். அது மொழியால் வந்த கோளாறு இல்லை, முழுக்க என் வாய். இத்தனை பெண்களுக்குப் பிரசவம் பார்த்தவள், ஒரு நாளாவது அவர்கள் அம்மாவிடம், உனக்கு முடியுமா என்று கேட்டிருப்பேனா? எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த டூட்டிய கேன்சல் பண்ணிட்டேன்க்கா. என் பொண்ண மட்டும் வேணாம்னு சொல்லாதீங்க."

"கோட்டி! அந்தப் பிள்ளைய யாரு வேண்டாம்னா?" அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். டீ ஆறிப்போய்விட்டது. மறுபடி சொன்னோம்.

வண்டியில் ஏறியதும் முனிரத்தினம் தயங்கினார். "ஸ்டேஷனுக்கு விடட்டா சார்?" அண்ணன் பின்னால் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா, "நகரில சேல வாங்கித் தாரேன்னு கூட்டிட்டு வந்துட்டு ஸ்டேஷனுக்கு எதுக்குப் போறிய?" என்றார். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

நகரி: நிம்மிக்கு மாம்பழக் கலரில் ஒன்று, அக்கா எடுத்தது. அக்காவுக்கு நீலம், நான் எடுத்தது. நாலு கடை ஏறி இறங்கி, பேரம் முழுக்க நான் தெலுங்கில். அக்கா பக்கத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டினார், அதற்கே கடைக்காரன் பயந்தான்.

விளக்கு வைக்கும் நேரம் வீடு வந்தோம். உடனே பெங்களூருக்கு வீடியோ கால். நிம்மியும் ஜோயலும் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள்.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைக்கு வாறோம். பேசி முடிச்சிருவோம்."

ஜோயல் ஓவென்று கத்தினான். நிம்மி முகத்தை மூடிக்கொண்டாள். என் பிள்ளை!

"கத்தாதல, இன்னும் முடிக்கல. நாளைக்கு ஒரு பிள்ள பொறந்தா நான் ஆச்சி. வருவேன், கொஞ்சுவேன், கத சொல்லுவேன், எங்க வீட்டுக்குப் போயிருவேன்."

"நானும் அப்படித்தான்" என்றேன். "டூட்டி கீது."

நிம்மிக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். "சரிம்மா... அப்ப கொழந்தைய யாரு பாத்துக்கறது?"

நானும் அக்காவும் ஒரே நேரத்தில் திரும்பினோம். சாமுவேல் அண்ணன் காமிராவைத் துடைக்க ஆரம்பித்தார். இவர் பேப்பரை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டார்.