புண்ணின் ஓரம்

மார்ச் 4

உங்களுக்கு,

உங்கள் நாக்கில் இருப்பது வெறும் அழற்சியா, அதற்கு அடியில் புற்று இருக்கிறதா? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய சதைத் துணுக்கில் புண்ணின் நடுப்பகுதி மட்டுமே இருக்கிறது: நெரிசலாக வெள்ளணுக்கள், வீங்கிய சிறு ரத்தக்குழாய்கள். எந்தப் புண்ணின் நடுவிலும் இவைதான் இருக்கும். ஓரத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

ஸ்லைடைக் கொண்டுவந்த டெக்னீஷியன், "யாரு மேடம் வெட்டினது? எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். பல் டாக்டர் என்ற தைரியத்தில் கண்ணாடியைப் பார்த்து நீங்களே வெட்டிக்கொண்டீர்கள், அப்படித்தானே? வேறு பல் டாக்டரிடம் போய், பக்கத்து நல்ல சதையோடு சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

பிரிந்து இரண்டு வருடம் கழித்து எழுதும் முதல் கடிதம் இது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் மனைவி

மார்ச் 9

மைக்ராஸ்கோப் மகாராணிக்கு,

கண்டுபிடிச்சிட்டியே! எதிர்க் கிளினிக்காரர்கிட்ட போய் நாக்கை நீட்ட வெட்கம். இப்போ போயிட்டேன். வெட்டிட்டு, "கடைவாய்ப் பல் உடைஞ்சு கத்தி மாதிரி நிக்குது, நாக்கை அறுக்காம என்ன செய்யும்?"னு பல்லையும் ராவிவிட்டார். நம்ம கிளினிக் நர்சம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "ஊர்ப் பல்லையெல்லாம் பாக்குறீங்க, சொந்தப் பல்லு கண்ணுல படலையா சார்?"

துணுக்கு இதோடு வருது. தூக்கமே இல்லை. ஒண்ணு கேக்குறேன். கெட்டதா இருந்தா தபால்ல அனுப்பு. நல்லதா இருந்தா நீயே வந்து சொல்லு.

இன்னும் உன் கணவன்தான்

மார்ச் 15

உங்களுக்கு,

உறையைப் பார்த்ததும் பயப்படுவீர்கள் என்று உறையின் மேலேயே எழுதிவிட்டேன்: புற்று இல்லை. ஓரத்து செல்கள் கலைந்துதான் இருக்கின்றன. பக்கத்தில் அழற்சி இருந்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் மேலே போகப்போக ஒழுங்காகின்றன. அவற்றுக்குக் கீழே உள்ள அடிச்சவ்வு எங்கும் உடையவில்லை; புற்று என்றால் அதைத் துளைத்துக்கொண்டு இறங்கியிருக்கும். பெயரை மறைத்து இன்னொரு டாக்டரிடம் காட்டினேன். அவளும் அதையே சொன்னாள். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் மறுபடி வெட்ட வேண்டும்.

நல்ல செய்திக்குப் பரிசாக நான் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. கெட்ட செய்தி என்றால் வந்திருப்பேன்.

மார்ச் 16

நேற்றே தபாலில் போட்டிருக்கலாம். போடவில்லை. காலையில் பேருந்து ஏறினேன். உங்கள் கிளினிக் பூட்டியிருக்கிறது. பக்கத்து மருந்துக் கடைக்காரர், "டாக்டர் நேத்தே வெளியூர் போயிட்டாரேம்மா, சொல்லலையா?" என்றார். படியில் உட்கார்ந்து இதை எழுதி முடித்து, கதவின் அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன்.