மட்டிச் சட்டி ஆறும்வரை

பையைப் பிரித்ததும் கடல் வாடை அடுப்படி முழுக்க ஏறிவிட்டது. உங்கள் மகள் அறந்தாங்கி மார்க்கெட்டிலிருந்து கறுப்பு ஓட்டு மட்டி வாங்கி வந்திருந்தாள். "அப்பா செய்வாங்கள்ல, அதே மாதிரி வேணும்மா" என்றாள். வயிற்றுப்பிள்ளைக்காரி வாய்விட்டுக் கேட்கும்போது எப்படி மாட்டேன் என்பது? ஆனாலும் பையை மூலைக்குத் தள்ளி வைத்தேன். உங்களைக் கொண்டுபோனது நெஞ்சுவலிதான், மட்டி இல்லை. இருந்தாலும் நீங்கள் போனபிறகு இந்த வீட்டில் அது வேகவே இல்லை.

துபாயிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் நீங்கள் ஆசையாகச் சமைத்தது இது. மீன் வாங்கும் காசில் பாதிகூட ஆகாது, வேலையும் கொஞ்சம்தான். எனக்குத்தான் அதைக் கண்டால் எமனைக் கண்டதுபோல. கெட்டது ஒன்று கலந்தாலும் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று அடுப்படி வாசலில் நின்று புலம்புவேன். நீங்கள் சிரிப்பீர்கள். "ஏம்புள்ள, தட்டுனா வாயை மூடணும், வெந்தா வாயைத் தொறக்கணும். அம்புட்டுத்தான். அப்படிச் செய்யாததத் தூக்கிப் போட்டுட்டா ஒனக்கு என்ன பயம்?"

இன்று உப்புத் தண்ணீரில் போட்டு மணலைக் கக்க வைத்தேன். ஓட்டிடுக்கில் நீட்டியிருந்த நாரைப் பிய்த்து, ஓட்டைத் தேய்த்தேன். திறந்திருந்தவற்றைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒன்று மூடவே இல்லை, எறிந்தேன். மூடியதிலும் சந்தேகம் வந்து இன்னும் சிலவற்றை எறிந்தேன். நல்லதைத்தான் எறிகிறேன் என்று எனக்குத் தெரியும், என் பயத்துக்குத் தெரியவில்லையே. சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் வதக்கி, மட்டியைக் கொட்டி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு மூடினேன். நீங்கள் சொல்வதுபோலவே சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை, மட்டியே தண்ணீர் விட்டுக்கொண்டது. மூடியை எடுத்தபோது ஓரத்தில் இரண்டைத் தவிர எல்லாம் வாயைப் பிளந்திருந்தன. அந்த இரண்டையும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன், பூனைகூடத் தின்றுவிடக் கூடாது என்று.

மகள் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். என் கை தானாகச் சட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டது. "சூடா இருக்குடி, ஆறட்டும்" என்றேன். நான் மட்டும் சதையை எடுத்துத் தின்று, சாற்றைக் குடித்தேன். நாக்கு தடிக்கிறதா, வயிறு பிரட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது, அந்த "ஆறட்டும்" நீங்கள் சொல்கிற சொல். பிள்ளைகள் தட்டை நீட்ட நீட்ட, "ஆறட்டும், ஆறட்டும்" என்று தள்ளி வைத்துவிட்டு நீங்கள் முதலில் தின்பீர்கள். பிறகு துபாய்க் கதை ஏதாவது பேசிக்கொண்டே நேரத்தை ஓட்டுவீர்கள். "பிள்ளைகளுக்கு முந்தி ஒங்களுக்கு என்னங்க அப்படி ஒரு நாக்கு?" என்று கேலி பேசினேன். "ஆமா, எனக்கு நாக்கு நீளந்தான்" என்று நீங்களும் சிரித்தபடி வாங்கிக்கொண்டீர்கள். என்னைவிடப் பயந்தது நீங்கள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இத்தனை வருஷமும் அந்தப் பயத்தைத் தனியாக வைத்திருந்தீர்கள். இப்போது அது என்னிடம் இருக்கிறது.

"ஆறி அவலாப் போச்சும்மா, இன்னும் எம்புட்டு நேரம்?" மகள் சட்டியைத் தொட்டுக் காட்டினாள்.

"இன்னுங் கொஞ்சம் ஆறட்டும்" என்றேன்.